மைக் மாமா பதில்கள்: சத்தம் இல்லாத எலக்சன்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி எலக்சனும் வீடியோவும் பற்றியவை. தயிர் புளிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்ட வாழைச்சேனை வாசகி மன்னிக்கவும், உங்களுக்கு அடுத்த இதழில்.

மாமா, நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எலக்சன் என்றால் காது கிழியும். 2024இல் இரண்டு பெரிய எலக்சன் வந்து போனது. ஒரு லவுட்ஸ்பீக்கர் கார்கூட எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை. பிரசாரம் எங்கே போனது?
– ஓய்வுபெற்ற தபாலதிபர், செட்டிபாளையம்

என் பிழைப்பு எங்கே போனது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

1977 எலக்சனில் முதல் முதலாக மைக் பிடித்தேன். வயது பத்தொன்பது. களுவாஞ்சிகுடியில் எங்கள் சவுண்ட் சேர்விஸுக்கு ஒரு மொரிஸ் மைனர் கார் இருந்தது. கூரையில் இரண்டு ஹோர்ன், ஒன்று முன்பக்கம் பார்க்க, மற்றது பின்பக்கம் பார்க்க, தும்புக் கயிற்றால் கட்டியிருப்போம். பின் சீட்டில் பற்றரி, அதற்குப் பக்கத்தில் நான். அந்த எலக்சன் முடியும்போது என் இரண்டு சாரன்களிலும் அசிட் தின்ற ஓட்டை. காலையில் ஒரு கட்சிக்குப் போவோம், பின்னேரம் அதன் எதிர்க் கட்சிக்கு. கார் அதே கார்தான், பக்கத்தில் கட்டும் துணி மட்டும் மாறும். ஒருவர் இன்னும் நான்கு நாள் வாடகை தர வேண்டும். தோற்றிருந்தால் வீட்டுக்குப் போய்க் கேட்டிருப்பேன். வென்றுவிட்டார், கேற்றில் பொலிஸ் நிற்கிறது, எப்படிக் கேட்பது?

நடுவில் போர் வந்தது. அந்தக் காலத்து எலக்சன்களைப் பற்றி எழுத இந்தப் பக்கம் போதாது, மனமும் இல்லை. அப்புறம் போஸ்டருக்கும் ஊர்வலத்துக்கும் தடையென்று சட்டம் இறுகியது. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றது உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு காரை நாள் முழுக்க ஊர் சுற்ற விடும் காசில் போனுக்குள் எத்தனை நாள் ஓடலாம் என்று வேட்பாளர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். பிரசாரம் எங்கும் போகவில்லை, உங்கள் சேர்ட் பொக்கற்றில்தான் கிடக்கிறது.

ஆனால் ஒன்று போய்விட்டது. நான் மைக்கில் ஏதாவது அளந்துவிட்டால், மதகில் குந்தியிருக்கும் ஒரு கிழவர் எழும்பி, "போன முறையும் இந்த ரோட்டத்தானே போடுறன் எண்ட?" என்று கத்துவார். ஒழுங்கை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு, காரைக் கொஞ்சம் வேகமாக எடுக்கச் சொல்வேன். அந்தக் கிழவர் இப்போது பாயில் படுத்துக்கொண்டு வீடியோ பார்க்கிறார். கத்தினாலும் மனைவிக்கு மட்டும்தான் கேட்கும்.

கூட்டத்தில் போனைத் தூக்கினால் வேட்பாளருக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் முறைக்கிறார்கள். விளம்பரம்தானே, ஏன் பயம்?
– உயர்தர மாணவி, காரைதீவு

பயப்பட வேண்டியவர்கள்தான் பயப்படுகிறார்கள் மகள்.

அந்தக் காலத்தில் ஒரு வேட்பாளர் ஒரே பின்னேரத்தில் மூன்று கூட்டம் வைப்பார். அம்ப்ளிபயரையும் மைக்கையும் டிராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு மூன்றுக்கும் நானே போவேன். ஐந்து மணிக்குக் கோயிலடியில் ஒருவர், "இந்தக் காணியில் ஒரு அங்குலம் போக விடமாட்டேன்" என்றார். கைதட்டல். ஏழு மணிக்குப் பள்ளிவாசலடியில் அதே காணியை, அதே அங்குலத்தை, மற்றப் பக்கம் தள்ளிக் கொடுத்தார். அங்கும் கைதட்டல். இரண்டையும் கேட்டவர்கள் மூன்றே பேர். அவர் வாய் திறக்கமாட்டார், அவருடைய டிரைவர் வாய் திறக்கமாட்டார், எனக்கு வாடகை பாக்கி.

அந்த வித்தைக்கு முதல் பெரிய அடி 2006இல் அமெரிக்காவில் விழுந்தது. யூடியூப் வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. வெர்ஜீனியா மாநிலத்து செனட்டர் ஜோர்ஜ் அலன் மறுபடி போட்டியிடுகிறார். எதிர்த்தரப்பு இளைஞர் ஒருவர், இந்திய வம்சாவளிக்காரர், கூட்டத்துக்குக் கூட்டம் கமராவோடு போய் நிற்கிறார். ஓகஸ்ட் மாதம் ஒரு சிற்றூர்க் கூட்டத்தில் அலன் அவரைக் கைகாட்டி 'மக்காக்கா' என்று அழைத்து, அமெரிக்காவுக்கு நல்வரவு என்றும் சொன்னார். மக்காக்கா என்பது ஒருவகைக் குரங்குக்கும் பெயர். அந்தப் பிள்ளை பிறந்ததே வெர்ஜீனியாவில்தான். கமரா ஓடிக்கொண்டிருந்தது. நவம்பரில் பத்தாயிரத்துக்கும் குறைந்த வாக்குகளால் அலன் தோற்றார், அந்த ஒரு ஆசனத்தோடு செனட் சபையே கை மாறியது. கூட்டத்தில் நின்றவர்களோடு முடிந்திருக்க வேண்டிய பேச்சு அது.

நம் பக்கம் போன் எல்லோர் கைக்கும் வந்த பிறகு, கோயிலடிப் பேச்சு பள்ளியடிக்கு ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. சவுண்ட்காரன் மட்டும் கேட்ட இரண்டு பேச்சையும் இப்போது ஊரே கேட்கிறது. முறைக்கட்டும், நீங்கள் பிடியுங்கள்.

எங்கள் ஊர்க் கூட்டத்துக்கே வராத ஒருவர் என் போனில் தினமும் வந்து, "உங்கள் ஆற்றைக் காப்பேன்" என்கிறார். நான் ஆற்றங்கரையில் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?
– குடும்பப் பெண், கிரான்

அவருக்குத் தெரியாது பிள்ளை. பேஸ்புக்குக்குத் தெரியும். அவர் காசு கட்டுகிறார், அது உங்களைக் காட்டிக்கொடுக்கிறது.

என் தங்கையின் மகன் கல்லடியில் வீடியோ வெட்டி ஒட்டும் வேலை செய்கிறான். எலக்சன் நேரம் ஒரு நாள் அவன் அறைக்குப் போனேன். மின்விசிறி, லப்டொப், மூன்று நாள் பழைய கொத்துப் பார்சல். திரையில் இரண்டு பைல். ஒன்றின் பெயர் 'ஆறு பைனல்', மற்றது 'லொறி பைனல் 2'. இரண்டிலும் ஒரே வேட்பாளர், ஒரே வெள்ளைச் சேர்ட். ஒன்றில் அவருக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது, மண் அகழ்வை அடியோடு நிறுத்துவேன் என்கிறார். மற்றதில் பின்னால் டிப்பர் வரிசை நிற்கிறது, மண் பெர்மிட்டை இலகுபடுத்தித் தருவேன் என்கிறார். ஆளுக்கு முப்பத்தெட்டு செக்கன். எந்த ஊர், எந்த வயது, எந்த மொழி, எத்தனை நாள் என்று மருமகன் தெரிவு செய்து அழுத்தினான். ஆறு ஆற்றங்கரைக்குப் போனது, லொறி லொறிக்காரரிடம் போனது. 'பூஸ்ட் பண்றது' என்று சொல்கிறார்களே, அது இவ்வளவுதான்.

இரண்டிலும் அடியில் மஞ்சள் எழுத்து ஓடியது. எதற்கு என்று கேட்டேன். "பஸ்ஸில், ஒபிசில் சத்தத்த மூடிட்டுத்தான் மாமா பாக்கிறாங்க" என்றான். முப்பது வருடம் சத்தம் போட்டுப் பிழைத்தவனிடம் இதைச் சொல்கிறான். "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே" என்று ஏன் தொடங்கவில்லை என்றதற்கு, அதைச் சொல்லி முடிப்பதற்குள் பெருவிரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுமாம்.

"மனே, ரெண்டு ஊருக்கு ரெண்டு கதை, இது பிழையில்லையா?" என்றேன்.

"கோயிலடிக்கும் பள்ளியடிக்கும் நீங்க ஒரே மைக்கத்தானே மாமா குடுத்தீங்க?" என்றான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

சரி, உங்களுக்குப் பயன்படும் விஷயம் ஒன்று. பேஸ்புக்கின் தாய்க் கம்பனி மெட்டா, காசு கட்டிய அரசியல் விளம்பரங்களை 'விளம்பர நூலகம்' என்று ஒரு திறந்த இடத்தில் வைத்திருக்கிறது. கணக்கே இல்லாதவரும் பார்க்கலாம். நாடு இலங்கை என்று போட்டு, அந்த வேட்பாளரின் பக்கத்தின் பெயரை அடியுங்கள். ஆறும் வரும், லொறியும் வரும். யார் காசு கட்டியது, ஏறக்குறைய எவ்வளவு என்பதும் இருக்கும். மகனிடமோ மகளிடமோ கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். எடுத்ததை அக்கம்பக்கத்துக்கும் காட்டுங்கள், தனியாகப் பார்த்துச் சிரித்துவிட்டு வைத்துவிடாதீர்கள். வட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு மட்டும் இப்படி நூலகம் ஏதும் கிடையாது.

டிக்டொக் 2019இலிருந்தே காசு கட்டிய அரசியல் விளம்பரம் எடுப்பதில்லை. அங்கே எல்லோரும் 'ஆதரவாளர்கள்'. யார் ஆசைக்கு ஆடுகிறார், யார் காசுக்கு ஆடுகிறார் என்று ஆட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2023ஆம் ஆண்டு 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டம் வந்த பிறகு, 2024 ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று உச்ச வரம்பு வைத்தார்கள். 1 கோடி 71 இலட்சம் வாக்காளர். பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடி ரூபாவுக்கு மேல் வருகிறது. முடிவு வந்து 21 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். முந்தி அதுவும் இல்லை. ஆனால் "யாரோ ஒரு அபிமானி தன் காசில் பூஸ்ட் பண்ணினார், எனக்குத் தெரியாது" என்று கையை விரித்தால் கணக்குப் பார்ப்பவர் பாடு.

2024இல் டிக்டொக்தான் வென்றது என்கிறார்கள் என் நண்பர்கள். சரியா?
– மாணவன், வந்தாறுமூலை வளாகம்

நண்பர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள் தம்பி. 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனம் எடுத்தது. 22 தேர்தல் மாவட்டங்களில் 21இல் முதலிடம். பிடிகொடுக்காத ஒரே மாவட்டம் நம்முடைய மட்டக்களப்பு. இங்கே ஐந்தில் மூன்று தமிழரசுக் கட்சிக்கு, தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று. பக்கத்துத் திகாமடுல்லையில், அதாவது அம்பாறையில், ஏழில் நான்கு தேசிய மக்கள் சக்திக்கு. பெரியகல்லாறு மட்டக்களப்பு, அதைத் தாண்டினால் பெரியநீலாவணை அம்பாறை. டிக்டொக் அந்த எல்லையில் இறங்கி பஸ் மாறுவதில்லையே?

திகாமடுல்லையில் சிங்கள ஊர்களும் சேர்ந்திருக்கின்றன, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். யாழ்ப்பாணம் அப்படியில்லை, அங்கேயும் அவர்கள்தான் முதலிடம். ஆகவே வீடியோவை மட்டும் வைத்துக் கணக்கு ஒப்பாது. அவர்களின் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதித் தேர்தலில் 2019இல் எடுத்தது 3 வீதம் சொச்சம், 2024இல் 42 வீதம். நடுவில் பெற்றோல் வரிசையும் காஸ் சிலிண்டர் வரிசையும் காலிமுகத்திடல் போராட்டமும் வந்து போயின. வரிசையில் நின்றவன் கையில் போன் இருந்தது என்பது சரிதான். ஆனால் அவனை வரிசையில் நிறுத்தியது போன் இல்லை.

வீடியோ செய்த வேலை ஒன்றை நானே கண்டேன். சிங்களத் தலைவர்கள் பேசுவதை நாங்கள் ஆயுள் முழுக்க மொழிபெயர்ப்பாளர் வாயால்தான் கேட்டோம். அவர் விட்டதை விட்டு, சேர்த்ததைச் சேர்த்துத் தருவார். 2024இல் சலூனில் முடி வெட்ட உட்கார்ந்தால், தமிழ் எழுத்து ஓடும் சிங்களப் பேச்சை மூன்று பேர் ஒரு போனில் பார்க்கிறார்கள். ஒருவர் ஆமோதிக்கிறார், ஒருவர் ஏசுகிறார். ஏசினாலும் அந்த ஆளின் பேச்சைக் கேட்டு ஏசுகிறார். எனக்கு அது புதுசு.

2025 உள்ளூராட்சித் தேர்தலில் பிரதேச சபைக்கு நின்று தோற்றேன். என் வீடியோவைப் பதினாலாயிரம் பேர் பார்த்தார்கள், வாக்கு அதில் நூறில் ஒரு பங்கும் இல்லை. கமெண்டில் ஏச்சு வேறு. அடுத்த முறை என்ன செய்யலாம்?
– பெண் வேட்பாளர், படுவான்கரை

உங்கள் வீடியோவைத் தேடிப் பார்த்தேன் மகள். நன்றாகப் பேசுகிறீர்கள். கமெண்ட்களையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். வாழ்த்தியவர்களில் பாதிப் பேர் டோஹா, ரியாத், மற்றவர்கள் கனடா, சுவிஸ். வெளிநாட்டில் இருந்து வாக்களிக்க நம் நாட்டில் இன்னும் வழியில்லை. உங்கள் வட்டாரமோ ஐந்தாறு ஒழுங்கை. அந்தப் பதினாலாயிரத்தில் உங்கள் ஒழுங்கைக்காரர் எத்தனை பேர்?

அதற்காக டோஹாவை விட்டுவிடவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை லீவு நாள், மகன் அம்மாவுக்கு வீடியோ கோல் எடுப்பான். "அம்மா, அந்தப் புள்ள நல்லாப் பேசுது, அதுக்குப் போடுங்க" என்று அவன் சொன்னால் அம்மா போடுவாள். மாதாமாதம் காசு அனுப்புகிற மகன் அல்லவா. எந்த மேடைப் பேச்சும் அந்தக் கோலுக்குக் கிட்ட வராது. ஆகவே வீடியோவில் ஊர் பெயரோடு ஒழுங்கையின் பெயரையும் சொல்லுங்கள். உடைந்த மதகின் மேலேயே நின்று பேசுங்கள். தன் வீட்டு மதகைக் கண்டால் அவன் அம்மாவைக் கூப்பிடுவான்.

ட்ரோன் வேண்டாம். மேலேயிருந்து பார்த்தால் எல்லா ஊரும் அழகுதான், குழி தெரியாது. நெஞ்சை அடைக்கும் இசையும் வேண்டாம், யாருடைய பாட்டாவது இருந்தால் சத்தத்தையே வெட்டிவிடுவார்கள். எழுதி வைத்து வாசிக்காமல் வீட்டில் பேசுகிற மாதிரி "நம்மட" என்று பேசுங்கள். அப்புறம், வீடியோவில் பார்த்த முகத்தை வாசலில் ஒரு தரம் காண வேண்டும். பதினாலாயிரம் பார்வையை விட முந்நூறு வாசல் கஷ்டம்தான், வெயில் வேறு.

ஏச்சு பற்றி. சட்டம் சபையில் 25 வீதம் பெண்களைக் கேட்கிறது. பட்டியலில் பெயர் போட்ட கட்சி, ஏச்சு வரும்போது காணாமல் போய்விடுகிறது. பதில் எழுதாதீர்கள். படம் பிடித்துத் திகதியோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டியிருந்தால் தேர்தல் ஆணைக்குழுவின் மாவட்ட அலுவலகத்துக்கும் பொலிஸுக்கும் அதே நாளில் கொடுங்கள். கட்சி அமைப்பாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் கொஞ்சம் வேலை இருக்கட்டும்.

இறந்துபோன தலைவர்கள் எழும்பி வந்து பேசுகிறார்கள். எதைத்தான் நம்புவது?
– ஆசிரியர், திருக்கோவில்

2018இல் காலமான கருணாநிதி, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரு நூல் விழாத் திரையில் கறுப்புக் கண்ணாடியோடு தோன்றி வாழ்த்தினார். செயற்கை நுண்ணறிவின் வேலை. அவர் இறந்தது எல்லோருக்கும் தெரியும், ஆகவே அதில் பெரிதாக யாரும் ஏமாறவில்லை. எனக்குப் பயம் வேறு மாதிரி வீடியோ மேல்.

உங்கள் மாவட்டத்திலேயே நடந்தது. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டில் கண்ட ஒரு கட்டியை மலட்டு மாத்திரை என்று சொல்லிச் சிலர் கடையில் நின்றவரைச் சூழ்ந்து, சிங்களத்தில் கேள்வி கேட்டுப் போனில் பிடித்தார்கள். அவருக்குச் சிங்களம் சரியாக வராது. சுற்றி நின்ற கூட்டத்துக்குப் பயந்து ஓம் என்று தலையாட்டினார். அது போதும். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் அடி வாங்கின. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னது, அது மாவுக் கட்டி. அப்படி மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே இல்லை. அது தெரிய வரும்போது தீ கண்டிப் பக்கம் திகன வரை போயிருந்தது. மார்ச் மாதம் ஒரு வாரமளவில் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் மூடியது. பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

அந்த வீடியோவில் ஒரு பிரேம்கூடப் பொய்யாகச் செய்யப்படவில்லை, கவனித்தீர்களா? முகம் உண்மை, குரல் உண்மை. அவருக்குக் கேள்வி விளங்கியிருக்கவில்லை என்பது மட்டும் திரையில் இல்லை. ஆகவே உதடு ஒட்டுகிறதா, கண் சிமிட்டுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கேள்வி என்ன, யார் கேட்டது, இதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேளுங்கள். கேட்டுப் பதில் கிடைக்கும் வரை கை அனுப்பும் பொத்தானுக்குப் போக வேண்டாம்.

எலக்சனுக்கு முந்திய இரண்டு நாளும் இன்னும் கவனம். 2023 செப்டெம்பரில் ஸ்லோவாக்கியாவில், பிரசாரம் ஓய்ந்த அந்த இரண்டு நாளுக்குள் ஒரு கட்சித் தலைவரின் குரலில் போலி ஒலிப்பதிவு பரவியது. வாக்குகளை விலைக்கு வாங்குவது பற்றி அவர் பேசுவதுபோல. அவர் மறுத்தார், ஆனால் மறுப்பு ஊரெல்லாம் போய்ச் சேர நேரமில்லை. நமக்கும் அப்படித்தான். 2024 செப்டெம்பர் 21 வாக்களிப்புக்கு 18 நள்ளிரவோடு பிரசாரம் நின்றது. மேடை பிரித்தார்கள், மைக் கழற்றினார்கள். என் போன் மட்டும் அன்றிரவு இரண்டு மணி வரை துள்ளிக்கொண்டே கிடந்தது.

மாமா, நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?
– பெயர் வேண்டாம், ஏறாவூர்

நீங்கள் பெயரைச் சொல்லுங்கள், நான் கட்சியைச் சொல்கிறேன்.

உங்களிடம் பழைய ஹோர்ன் ஏதும் மிச்சம் இருக்கிறதா? எங்கள் கண்ணகை அம்மன் சடங்குக்கு வாடகைக்கு வேண்டும். இப்போது வருகிற பெட்டி ஸ்பீக்கர்கள் வயல் தாண்டிக் கேட்பதில்லை.
– கோயில் நிர்வாகத்தவர், வெல்லாவெளி

இரண்டு இருக்கின்றன. ஒன்றில் யூனிட் எரிந்துவிட்டது, மற்றது நன்றாகக் கத்தும். வைகாசிக்கு ஏற்கெனவே களுதாவளைக்காரர் பேசி முற்பணமும் தந்துவிட்டார்கள். உங்கள் சடங்கு முன்னுக்கு வந்தால் பார்க்கலாம். டிராக்டர் நீங்கள் அனுப்ப வேண்டும், பற்றரியும் உங்களுடையது. வாடகை முதலில்.